பந்தியில் தொடங்கட்டும் உன் சபை!

தம்பி! தங்கையே! உன் நெஞ்சுக்குள் ஒரு சபை உருவாகிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. ஆனாலும் அது உன்னைத் தூங்க விடுவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் சில கேள்விகள் உன்னை உலுக்குகின்றன. கேட்டுக்கு வெளியே நிற்கும் வாட்ச்மேன் ஏன் ஒரு நாளும் உள்ளே வரவில்லை? இரவு ஷிஃப்ட் முடித்து விடுதியில் அயர்ந்து தூங்கும் பெண்களுக்குக் காலை எட்டு மணி ஆராதனையால் என்ன பயன்? ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் ஏன் சாப்பிடுவதில்லை?

இந்தக் கேள்விகளை அலட்சியம் செய்யாதே. அவை உன் மேல் வைக்கப்பட்ட பாரம். அந்தப் பாரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஆனால் கேள்வி எழுந்த மறுகணமே அச்சமும் வந்து நிற்கிறது. "நீ யார்? இறையியல் படித்தாயா? குருப்பட்டம் பெற்றாயா? உன் பின்னால் பணக்காரர் யாராவது இருக்கிறார்களா? ஊரில் இத்தனை சபைகள் இருக்க, இன்னொன்று எதற்கு?" வீட்டில் கேட்பார்கள். போதகர் கேட்பார். எல்லோரையும்விட உரக்க நீயே உன்னைக் கேட்பாய்.

அந்தக் குரல்களுக்கு முன்னால் நிமிர்ந்து நில். உன்னால் முடியும்! ஆனால் தயாராகாமல் முடியாது. எதற்குத் தயாராவது, எங்கே தொடங்குவது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசப் போகிறது.

வெள்ளாளன்விளையில் பிறந்தவர்

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூர். 1874இல் அங்கே ஒரு கிராமத்துப் போதகரின் மகனாகப் பிறந்தார் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பட்டம் பெறாமலே வெளியே வந்தார். ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராக அலைந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தைப் போட்டுத் தங்கள் ஆட்களையே ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். கண்டதும் உள்ளம் கொதித்தது. தலைமுறை தலைமுறையாக நற்செய்தியைக் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிச் சபை, அதைப் பிறருக்குக் கொண்டுபோக என்ன செய்தது?

அவர் யாரையும் குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் உறுதி. வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. சபையையும் அவர்களே நடத்திய காலம். அந்தக் காலத்தில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு தமிழன் எடுத்த உறுதி அது!

1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கைக் கற்றார். ஊர் ஒதுக்கி வைத்த மாலர், மாதிகர் குடியிருப்புகளில் நடந்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். கல்லூரிப் பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அசரியாவின் கதையில் நீ கவனிக்க வேண்டியது பதவியை அல்ல. கேள்வி எழுந்தது 1902இல். அவர் தோர்ணக்கல்லில் குடியேறியது 1909இல். இடையில் ஏழு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் சங்கம் கட்டினார், நண்பர்களைச் சேர்த்தார், பிறருடைய பணத்துக்குக் கணக்குக் கொடுக்கப் பழகினார், தன்னையே உருவாக்கிக்கொண்டார். துணிச்சலும் பொறுமையும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. உனக்குள்ளும் இரண்டும் இருக்க முடியும்.

கட்டடம் இல்லையே என்று கலங்காதே

"இடம் எங்கே?" என்பதுதான் உன்னை முதலில் மிரட்டும் கேள்வி. ஆதிச் சபையைப் பார். பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் தன் வீட்டைத் திறந்தாள். சபை அங்கே கூடியது. கூடாரம் செய்யும் தொழிலாளிகளான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்கள் வீட்டில் சபையைக் கூட்டினார்கள். எபேசுவில் பவுல் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் போதித்தார். சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது, கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ வழிபாட்டிடம் கிடைத்தது. இதுவரை கண்டெடுக்கப்பட்டவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அதுவும் ஒரு சாதாரணக் குடியிருப்பு வீடுதான். இடைச்சுவரை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், ஓர் அறையை ஞானஸ்நானத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான்!

ரோமப் பேரரசையே அசைத்த சபை, வீட்டுக் கூடத்திலும் மேல்வீட்டறையிலும் வளர்ந்தது. வாடகை வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அறை உனக்குப் போதும். பாய் விரித்தால் பதினைந்து பேர் உட்காரலாம். பதினைந்து பேரை உண்மையாக நேசிக்கத் தெரிந்தால், அதுவே பெரிய ஊழியம்.

ஒலிபெருக்கி வாங்கக் கடன் வாங்காதே. கீபோர்டு வந்த பிறகு தொடங்கலாம் என்று நாள் தள்ளாதே. நோட்டீஸ் அடித்துக் கூட்டம் சேர்க்க நினைக்காதே. இவையெல்லாம் பிறகு வரலாம், வராமலும் போகலாம். சபை வளர்வதற்கு இவை காரணமாக இருந்ததில்லை.

உன் சபையில் எது புதியது?

இப்போது உன்னிடம் நேராக ஒன்று கேட்கிறேன். புதுமாதிரிச் சபை என்கிறாயே, எது புதியது? பெயரா? பாட்டின் மெட்டா? மேடை விளக்கா? போதகர் அங்கி போடாமல் ஜீன்ஸ் போட்டு நிற்பதா? இவை ஒன்றுக்கும் ஆயுள் கிடையாது. நாளைக்கே பக்கத்துத் தெருவில் இதைவிடப் பெரிய மேடை வரும்.

சபை புதியதா பழையதா என்பதைப் பந்தியில்தான் கண்டுகொள்ள முடியும். யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? அங்கேதான் உண்மை தெரியும்.

எருசலேமின் ஆதிச் சபையில் முதல் மனத்தாங்கல் எதில் வந்தது? சாப்பாட்டில்! அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள். அப்போஸ்தலர்கள் அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவில்லை. அந்தப் பொறுப்புக்கு ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் செய்தார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் எழுந்தார்கள். கொரிந்து சபையைப் பவுல் ஏன் அவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்? வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அப்படி நடப்பது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று எழுதினார்.

நம் நாட்டில் இந்தக் காயம் இன்னும் ஆழமானது. தமிழ்ச் சபைகளில் சாதிக்கு ஓர் இருக்கை, சாதிக்கு ஒரு கிண்ணம் என்று இருந்ததை வரலாறு மறக்கவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று உத்தரவே போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள், சாதியை விடவில்லை. மேலிருந்து வந்த உத்தரவால் சாதி போகவில்லை. இன்றும் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிந்து கிடக்கும் ஊர்கள் இருக்கின்றன. உத்தரவால் ஆகாததை எதனால் ஆக்குவது?

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். மாணவர்கள் அவரைப் பரட்டை அண்ணன் என்று அழைத்தார்கள். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதையே அவர் இறையியலாகச் சொன்னார். கிராமத்து ஜனங்களின் மெட்டில், அவர்கள் பேச்சுமொழியில் வழிபாட்டையே அமைத்தார். ஒடுக்கப்பட்டவர்களின் இசை சபைக்குள் தலைநிமிர்ந்து வந்தது.

நெல்லைப் பக்கத்துச் சபைகளில் நடக்கும் அசனத்தை நினைத்துப் பார். ஊரே கூடிச் சமைத்து, ஊரே உட்கார்ந்து உண்ணும் விருந்து! ஆண்டுக்கு ஒரு நாள் நடப்பது வாரா வாரம் நடந்தால்? அவரவர் சாதிக்காரரோடு அவரவர் உட்காராமல், வங்கி மேலாளரும் துப்புரவுப் பணியாளரும் தோளோடு தோள் உட்கார்ந்தால்? சமைப்பவர்கள் முறை வைத்து மாறினால்? ஆண்கள் அடுப்படியில் நின்றால்? எழுந்து போனவரின் இலையை அடுத்தவர் எடுத்தால்? அதுதான் புதுச் சபை! அந்தப் பந்தியைப் போடும் துணிவு உனக்கு உண்டு என்றால் தொடங்கு. இல்லையென்றால் இருக்கிற சபையே போதும்.

முதல் தயாரிப்பு: நட, கேள்

எருசலேமின் மதில் இடிந்து கிடந்ததைக் கேள்விப்பட்ட நெகேமியா, ஊருக்கு வந்ததும் கூட்டம் போடவில்லை. மூன்று நாள் அமைதியாக இருந்தான். பிறகு இரவில் சிலரோடு எழுந்து போய், இடிந்த மதிலையும் எரிந்த வாசல்களையும் கண்ணால் பார்த்தான். தன் மனதில் இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பார்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

நீயும் நட! உன் பகுதியில் காலை ஐந்து மணிக்கு நட, இரவு பதினொரு மணிக்கும் நட. ஞாயிறு காலையில் வர முடியாதவர்கள் யார் யார் என்று நோட்டில் எழுது. இரவுப் பணி செவிலியர், ஓட்டல் ஊழியர், உணவு கொண்டுபோகும் பையன்கள், வீட்டுவேலைக்குப் போகும் அம்மாக்கள், திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் விடுதிகளில் அடைந்து கிடக்கும் தொழிலாளிகள், தமிழே தெரியாத ஒடிசா, பீகார் தம்பிகள், சக்கர நாற்காலியோடு ஆலயப் படி ஏற முடியாதவர்கள். இவர்களில் யாருக்காக உன் உள்ளம் எரிகிறது?

அவர்களிடம் போய்ப் பேசு. பிரசங்கம் செய்யாதே, கேள். எப்போது ஓய்வு? எதற்குப் பயம்? எந்த நாள் தனிமையாக இருக்கிறது? வீட்டில் யாருக்கு நோய்? சபை என்றால் அவர்களுக்கு எந்த நினைவு வருகிறது? சிலர் முகத்தில் அடித்தாற்போல் பேசுவார்கள். சபையால் காயப்பட்டவர்கள் அழுவார்கள். பொறுமையாகக் கேள். உன் சபையின் நாள், நேரம், மொழி, சாப்பாடு எல்லாமே அந்த நோட்டிலிருந்து எழ வேண்டும். அவர்களுக்குச் செவ்வாய் இரவு பத்து மணிதான் வசதி என்றால், செவ்வாய் இரவு பத்து மணியே உன் ஆராதனை வேளை.

நாற்றங்காலில் நிற்க வேண்டிய நாள் நிற்காமல் வயலுக்குப் போன நாற்று வேர் பிடிக்காது. நடக்கும் காலமும் கேட்கும் காலமும் உனக்கு நாற்றங்கால். அவசரப்பட்டு அதை விட்டு வெளியே வராதே.

இரண்டாம் தயாரிப்பு: சிலர் போதும்

1739இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லி வெட்டவெளியில் நின்று சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பிரசங்கித்தார். திரள் திரளாக மக்கள் கூடினார்கள். அந்தத் திரளைச் சபையாக மாற்றியது எது தெரியுமா? ஒரு கடன்! பிரிஸ்டலில் கட்டிய கூடத்துக்குக் கடன் இருந்தது. 1742இல் அதை அடைப்பது எப்படி என்று பேசியபோது கேப்டன் ஃபாய் என்பவர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர். அவர் வீடு வீடாகப் போய் வாங்கி வருவார். கொடுக்க முடியாத ஏழைக்குத் தானே போடுவார். அப்படி வீடு வீடாகப் போனபோது யார் குடிக்கிறார், யார் வீட்டில் சண்டை, யார் பசியில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. வெஸ்லி அதைப் பற்றிக்கொண்டார். பணம் வாங்கப் போனவர்கள் ஆத்துமாவை விசாரிக்கிறவர்கள் ஆனார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பே அந்தப் பன்னிரண்டு பேர் குழுதான்.

ஆயிரம் பேருக்கு ஆசைப்படாதே. ஆறு பேர், எட்டு பேர் போதும். ஆனால் அந்த எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஒன்றாகச் சாப்பிட்டு, வேதம் வாசித்து, உண்மையைப் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்து, குறைந்தது ஓராண்டாவது வாழ்ந்து பாருங்கள். அதற்குப் பிறகு கதவைத் திறங்கள்.

அந்த எட்டுப் பேரும் ஒரே சாதியாக, ஒரே கல்லூரி நண்பர்களாக, ஒரே சம்பளக்காரர்களாக இருக்கக் கூடாது. இப்போதே கலந்து உட்காராத கூட்டம், பெருகிய பிறகு ஒருபோதும் கலக்காது. இதை இறுகப் பிடித்துக்கொள்.

1935இல் ஹிட்லரின் ஆட்சிக்கு வளைந்து கொடுக்காத ஜெர்மானியக் கிறிஸ்தவர்களின் போதகர் பயிற்சிப் பள்ளியைப் பின்கென்வால்டேயில் நடத்தினார் டீட்ரிக் போன்ஹோபர். இரண்டே ஆண்டுகளில், 1937இல், கெஸ்டபோ காவல்துறை அதை மூடியது. அந்தச் சிறு காலத்தில் அவர் மாணவர்களுக்கு ஒரு விதி வைத்தார். கூட இல்லாத சகோதரனைப் பற்றி அவன் முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது. பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும். உன் குழுவின் முதல் விதியாக இதை எழுதி வை. சபைகள் உபதேசத்தால் உடைந்ததைவிடப் புறம்பேச்சால் உடைந்ததே அதிகம்.

போன்ஹோபர் இன்னொன்றையும் எச்சரித்தார். தன் கற்பனைச் சபையை, கண்முன் இருக்கும் உண்மையான மனிதர்களைவிட அதிகமாக நேசிக்கிறவன், அந்தச் சபையையே அழித்துவிடுவான். உன் தரிசனம் பெரியதாக இருக்கட்டும். ஆனால் தாமதமாக வரும் தங்கராஜும், எதற்கெடுத்தாலும் கோபப்படும் மேரி அக்காவும்தான் உன் சபை. அவர்களை நேசி!

மூன்றாம் தயாரிப்பு: உழைக்கும் கை, திறந்த கணக்கு

பவுல் கூடாரம் தைத்தார். உன் தொழிலை விடாதே. வேலைக்குப் போகிறவன் பேச்சுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் மதிப்பு உண்டு. காணிக்கையை நம்பி அடுப்பு எரிந்தால், காணிக்கை கொடுப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிவரும்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் கோவன் பகுதியில் போதகராக இருந்தவர் ஜார்ஜ் மக்லியோட். வேலையின்மை மக்களை வாட்டிய காலம் அது. 1938இல் அவர் அயோனா தீவில் பாழடைந்து கிடந்த பழைய மடத்தின் கட்டடங்களை எடுத்துக் கட்டத் தொடங்கினார். வேலையில்லாத கைத்தொழிலாளிகளையும் போதகராகப் போகும் இளைஞர்களையும் ஒன்றாக அழைத்துப் போனார். இறையியல் படித்தவர்கள் கல் சுமந்தார்கள், கல்தச்சர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றாக வேலை, ஒன்றாக ஜெபம், ஒன்றாகச் சாப்பாடு. அதிலிருந்து எழுந்த அயோனா சமூகம் இன்றும் இருக்கிறது.

பண விஷயத்தில் முதல் நாளிலிருந்தே கண்ணாடிபோல் இரு. உன் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் காணிக்கைகூட விழக் கூடாது. அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகவோ பதிவுசெய். சபையின் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதா மாதம் எல்லோர் முன்னும் வரவு செலவு வாசிப்பு. வெளிநாட்டிலிருந்து பணம் தருகிறேன் என்று யாராவது வந்தால், 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவில்லாமல் வாங்காதே. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கு எடுத்து வைத்த நம் பாட்டிமார் கட்டிய சபைகள் இந்த மண்ணில் நிற்கின்றன. பிடி அரிசியில் வளர்ந்த சபைக்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

சட்டத்தை அறிந்து வை. மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு உனக்கு உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்ட உரிமை அது. சமய நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமை 26ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த உரிமையோடு கடமையையும் சேர்த்துப் பிடி. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பகலிலும் பக்கத்து வீட்டுக் குழந்தை தேர்வுக்குப் படிக்கிறது என்றால் குரலைத் தாழ்த்துவது அன்பு. பக்கத்து வீட்டு இந்துப் பெரியவரும் எதிர்வீட்டு முஸ்லிம் அம்மாவும் உன் பந்திக்கு வந்து சாப்பிட்டுப் போகட்டும். சோற்றைக் காட்டி யாரையும் இழுக்காதே. பசிக்குப் போடும் சோற்றுக்கு நிபந்தனை கிடையாது.

நான்காம் தயாரிப்பு: உன்னையே காத்துக்கொள்

உன் சபைக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தைவிட, உனக்குள்ளிருந்து வரும் ஆபத்து பெரியது. நாலு பேர் கைகூப்பி "ஐயா", "பாஸ்டர்" என்று அழைக்கத் தொடங்கியதும் தலை கனக்கும். முடிவுகளைத் தனியே எடுக்கத் தோன்றும். மனைவி பொருளாளர், மைத்துனர் செயலர் என்று சபை குடும்பச் சொத்தாகும். அந்த வழியில் போகவே மாட்டேன் என்று இன்றே உறுதி எடு. உன்னைக் கண்டிக்கும் அதிகாரமுள்ள மூன்று மூப்பர்களை இப்போதே தேடு. உன் உறவினர் அல்லாதவர்களாக, உனக்குத் தலையாட்டாதவர்களாகத் தேடு.

பெண்களைச் சமையற்கட்டிலும் பாடகர் குழுவிலும் மட்டும் நிறுத்தாதே. லீதியாளும் பிரிஸ்கில்லாளும் சபையைத் தாங்கினார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது; 2013இல் நந்தியாலில் புஷ்பா லலிதா பேராயர் ஆனார். உன் புதுச் சபை அதற்குப் பின்னால் நிற்கலாமா? முதல் நாளிலிருந்தே பிரசங்கத்திலும் கணக்கிலும் முடிவுகளிலும் பெண்கள் இருக்கட்டும்.

குழந்தைகளோடு பெரியவர் ஒருவர் தனியறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், எப்போதும் திறந்த கதவு. இதில் சலுகையே வேண்டாம்.

பழைய சபைகளின் ஆடுகளைத் திருடாதே. அடுத்தவர் போட்ட அஸ்திபாரத்தின் மேல் கட்ட மாட்டேன் என்றவர் பவுல். நீ விட்டு வரும் சபையின் போதகரை நேரில் போய்ப் பார். எதிர்த்துப் பேசாமல், அவரிடம் உன் பாரத்தைச் சொல். ஜெபம் பண்ணக் கேள். அவர் ஆசீர்வதிக்கலாம், கோபிக்கலாம். எப்படியானாலும் நீ முதுகில் குத்தியவன் ஆக மாட்டாய்.

நான்கு பேர் மட்டும் வரும் நாள்

ஒரு நாள் வரும். இருபது பேருக்குச் சமைத்து வைத்திருப்பாய்; நான்கு பேர் வருவார்கள். மழை பெய்யும். அன்று உன் நம்பிக்கை ஆட்டம் காணும். அந்த நாளுக்காகத்தான் இந்தத் தயாரிப்பெல்லாம்.

1921இல் திருப்பத்தூரில் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஆள்வோர் இனமும் ஆளப்படுவோர் இனமும் ஒரே கூரையின் கீழ்ச் சகோதரராக வாழலாம் என்று காட்டினார்கள். தமிழர் அங்கே பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன்! கதர் உடுத்தினார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள், திராவிடக் கோயில் வடிவில் ஜெபாலயம் எழுப்பினார்கள். தொடங்கியபோது அவர்கள் இரண்டே பேர். இந்தியாவில் பிறகு எழுந்த பல கிறிஸ்தவ ஆசிரமங்களுக்கு அவர்கள் முன்னோடிகள்.

1919இல் தரங்கம்பாடியில் அசரியாவும் நண்பர்களும் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். தென்னிந்தியத் திருச்சபை சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது 1947 செப்டம்பர் 27 அன்று. இருபத்தெட்டு ஆண்டுகள்! அசரியா 1945 ஜனவரி 1 அன்றே கண்மூடிவிட்டார். அவர் அந்த நாளைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் அன்று எழுந்திராவிட்டால் அந்த நாளே வந்திருக்காது. நான்கு பேர் வந்த நாளில் இதை நினை. அந்த நான்கு பேருக்கும் சூடாகப் பரிமாறு. மிச்சத்தைப் பக்கத்து விடுதிக்குக் கொண்டுபோ.

எழுந்திரு!

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பார்கள். உன் சபையின் ஊழியக்காரனுக்கு அது தலைகீழ். பந்தியில் கடைசியாக உட்காருகிறவனும், துன்பம் வரும்போது முன்னால் நிற்கிறவனுமே தலைவன். அப்படி நிற்க உனக்குப் பதவி வேண்டாம், பட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம். நெஞ்சுரம் வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தக் கேள்விகள் உன்னை இத்தனை நாள் தூங்க விடாமல் துரத்தியிருக்காது.

இன்னும் யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறாய்? இந்த வாரமே நோட்டை எடு, தெருவில் நட. ஞாயிறு காலையில் வர முடியாத ஒருவரின் பெயரைத் தெரிந்துகொள். அடுத்த வாரம் அவரை உன் வீட்டுக்குச் சாப்பிட அழை. உன் சாதியல்லாத, உன் சம்பளமல்லாத, உன் மொழியல்லாத ஒருவரை அழை. அவர் வீட்டில் அவர் கையால் பரிமாறியதையும் நீ சாப்பிடு. அப்படி எட்டுப் பேரைச் சேர். ஓராண்டு உண்மையாக இரு. பிறகு கதவைத் திற.

தம்பி, தங்கையே, ஆண்டவர் உனக்குத் தந்த பாரத்தை இறக்கி வைத்துவிடாதே. எழு, அடுப்பை மூட்டு, பாயை விரி, அழை!